பாய் போதாத வீடு!

டிசம்பர் 24-ந் தேதி மாலையில் செங்கல்பட்டு ரெயில் நிலையத்தைப் பார்க்க வேண்டும்!

தாம்பரத்தில் இருந்து வரும் மின்சார ரெயில்களில் நிற்க இடம் இராது. தெற்கே இருந்து வரும் ரெயில்களில் இருந்தும் கும்பல் கும்பலாக ஜனங்கள் இறங்குகிறார்கள். அரக்கோணம், காஞ்சீபுரம் பக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்கும் இதுதான் சந்திப்பு.

ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் குழந்தை. கேக் டப்பா நசுங்கிப் போகக்கூடாதே என்று, அதை மட்டும் ஒரு பையன் மார்போடு அணைத்துக் கொண்டு நடக்கிறான்.

நிலையத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி. ஏரிக் காற்று சில்லென்று வீசுகிறது. மார்கழி மாதம் அல்லவா?

"பெரியப்பா வரலையா?"

"வராமல் இருப்பாரா? பின்னால் வருகிறார். முட்டி வலி. மெதுவாகத்தான் படி ஏறுவார்."

இப்படி விசாரித்தபடியே எல்லோரும் பஸ் நிலையத்துக்கு நடக்கிறார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள் சிலர். கல்பாக்கம் பக்கம் போகிறவர்கள் சிலர். மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் போகிறவர்களும் உண்டு.

எல்லோரும் போவது ஒரே காரியத்துக்குத்தான். உறவினரோடு கிறிஸ்துமஸ் கொண்டாட!

ஒரு வார உறவு

செங்கல்பட்டு வட்டாரத்தில் கிறிஸ்தவர்கள் பல ஊர்களில் பரவி இருக்கிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு 2002-ம் ஆண்டில் செங்கல்பட்டைத் தலைமை இடமாகக் கொண்டு தனி மறைமாவட்டம் ஏற்பட்டது. அச்சிறுபாக்கம் மலை மேல் மழை மலை மாதா கோவில் இருக்கிறது. கடற்கரையில் கோவளத்தில் கார்மேல் மாதா கோவில் இருக்கிறது. மற்றொரு பக்கம், ஸ்காட்லாந்து நாட்டு மிஷன் இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தியது. செங்கல்பட்டில் உள்ள தூய கொலம்பா பள்ளி அந்த மிஷன் வைத்துவிட்டுப் போனதுதான்.

படித்த பிள்ளைகள் ஊரில் தங்குவார்களா? ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில் என்று பிரிந்துவிட்டார்கள். தாத்தாவும் ஆயாவும் மட்டும் பழைய வீட்டில் இருக்கிறார்கள்.

பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதில் கிறிஸ்துமசுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளிக்கூடங்களில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விடும் சமயம் அது. புது வருஷம் வரை பெரும்பாலும் பாடம் கிடையாது. ஆகவே, தாய் வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு ஒரு நாள் அல்ல, சேர்ந்தாற்போல் ஒரு வாரமே கிடைத்துவிடுகிறது.

ஒரு வாரம் என்பது சின்ன விஷயமா? முதல் நாள் எல்லோரும் விருந்தாளிகள். இரண்டாம் நாள் சண்டை வரும். மூன்றாம் நாள்தான் எல்லோரும் குடும்பத்தார் ஆகிறார்கள்!

இரண்டு அறை, பத்தொன்பது பேர்

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு அறை. ஒரு கூடம். வாசலில் திண்ணை. வந்திருப்பவர்களோ பத்தொன்பது பேர்!

வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது. முன்பெல்லாம் மூங்கில் குச்சியை வளைத்து, வண்ணக் காகிதம் ஒட்டி வீட்டிலேயே செய்வார்கள். இப்போது கடையில் வாங்குகிறார்கள். ஆனாலும் குடில் மட்டும் பிள்ளைகள் கையால்தான். வைக்கோல், மணல், மண் பொம்மைகள். பத்து நாளைக்கு முன்பே ஒரு தட்டில் கேழ்வரகு தெளித்து வைத்திருப்பார் ஆயா. அது முளைத்து, குடிலுக்குப் புல்வெளி ஆகிவிடும். ஆடுகள் அதன் மேல் நிற்கும். ஆட்டைவிட மேய்ப்பன் பொம்மை சின்னதாக இருக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

மூத்த மருமகள் கத்தோலிக்க வீட்டுப் பெண். அவளுக்கு நள்ளிரவுப் பூசைக்குப் போக வேண்டும். மாமனார் சி.எஸ்.ஐ. சபை. அவருக்கு விடியற்காலை ஆராதனை. ஆகவே அந்த வீட்டில் ஒரு கூட்டம் திரும்பி வந்து படுக்கும்போது, இன்னொரு கூட்டம் எழுந்து குளிக்கிறது. இரவு முழுவதும் அடுப்பில் வெந்நீர் கொதித்துக் கொண்டே இருக்கும்.

படுக்க இடம்?

ஆண்கள் திண்ணையில். பெண்கள் கூடத்தில். பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஜமுக்காளத்தில், தீப்பெட்டியில் குச்சி அடுக்கியது போல. ஆனாலும் பாய் போதாது. பக்கத்து வீட்டில் இருந்து நான்கு பாய் இரவல் வரும். அந்த வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். கோவளத்தில் என்றால் தர்காவுக்குப் போகிறவராகவும் இருக்கலாம். யாரானால் என்ன? விருந்தாளி வந்த வீட்டுக்குப் பாய் இல்லை என்று சொல்லுகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை.

உறவுக்குள்ளும் அப்படித்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் கிறிஸ்தவர், தம்பி இந்து என்று இருப்பது இங்கே புதிதல்ல. நெற்றி நிறையக் குங்குமத்தோடு அத்தை வருவார். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, பழம். "அண்ணன் வீட்டுப் பண்டிகைக்கு வராமல் இருப்பேனா?" என்பார். பொங்கலுக்கு அண்ணன் அங்கே போக வேண்டும். போகாவிட்டால் அத்தை விடமாட்டார்!

யாருக்கு நன்றி?

காலையில் இட்லியும் கோழிக் குழம்பும். மதியம் ஆட்டுக்கறி பிரியாணி. இடையிடையே கொறிக்க அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, கல்கல்.

கல்கல் என்பது மைதா மாவை உருட்டி, சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் போடும் பலகாரம். ஒருத்தி தனியாக உட்கார்ந்து செய்தால் விடிந்துவிடும். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் ஒரு டின் நிரம்பிவிடும். கூட்டுக் குடும்பத்துக்கு என்றே கண்டுபிடித்த பலகாரம் போலிருக்கிறது! அந்த இரண்டு மணி நேரத்தில்தான் யார் வீட்டில் என்ன கஷ்டம், எந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும், யாருக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கிறது என்கிற உண்மைகள் எல்லாம் வெளியே வரும். டெலிபோனில் வராத சேதிகள் அவை.

இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். தாத்தா வேதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஆண்டவனுக்கு நன்றி செலுத்துகிறார். மூத்தவனுக்கு வேலை நிலைத்தது. சின்னவளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பேரன் பரீட்சையில் தேறினான். தன் பெயர் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள். போன வருஷம் இருந்து இந்த வருஷம் இல்லாமல் போனவரின் பெயர் வரும்போது தாத்தாவின் குரல் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த பெயர் வருகிறது.

எல்லோர் பெயரும் வந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பத்தொன்பது பேருக்கு மூன்று வேளை பொங்கிப் போட்டு, கடைசியில் தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்ட மருமகளுக்கு நன்றி சொன்னது யார்?

பல வீடுகளில் அது விட்டுப் போகிறது. ஆண்டவனுக்கு நன்றி சொல்லும் ஆண்கள், எழுந்து தங்கள் தட்டைத் தாங்களே கழுவி வைத்தால் அந்த நன்றி முழுமை பெறும். இப்போது சில வீடுகளில் மாப்பிள்ளைகளே வெங்காயம் உரிக்க உட்காருகிறார்கள். மாமியார்கள் முதலில் பதறினார்கள். இப்போது பழகிவிட்டது.

வேலிக்கு அப்பால் ஒரு தட்டு

கூடிய எல்லாக் குடும்பமும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சென்னையில் இருந்து மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலப்பட்டு வந்த பிறகு, இந்தப் பக்கத்து மணல் மேடும் பொன் விலைக்கு விற்றது. சவுக்கைத் தோப்பாகக் கிடந்த இடத்தில் பங்களாக்கள் எழும்பின. நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பணம் வந்தது. பணத்தோடு வழக்கும் வந்தது!

அண்ணன் தம்பிகள் கோர்ட்டுப் படி ஏறினார்கள். ஒரே மனையில் நடுவே சுவர் எழும்பியது. பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத வீடுகள் உண்டு.

அந்த வீடுகளுக்கும் கிறிஸ்துமஸ் வருகிறது. கிறிஸ்துமஸ் அன்று அண்டை அயலில் எல்லா வீட்டுக்கும் பலகாரத் தட்டு கொடுத்து அனுப்ப வேண்டும். அது ஊர் வழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி வீடும் அண்டை வீடுதானே? பெரியவர்கள் யோசித்துக் கொண்டிருப்பார்கள். ஆயா யோசிக்க மாட்டார். பேத்தியைக் கூப்பிடுவார். தட்டின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடுவார்.

"போய் உன் சித்தப்பாவிடம் கொடு. ஆயா கொடுத்தாள் என்று சொல்லு."

தட்டு போகும். காலித் தட்டைத் திருப்பித் தருகிற பழக்கம் இங்கே கிடையாது. சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். ஆகவே அந்தப் பக்கத்தில் இருந்தும் ஏதோ வரும். வழக்கு கோர்ட்டில் நடந்து கொண்டிருக்கும். தட்டு ஒரு பக்கம் போய் வந்து கொண்டிருக்கும்.

சொத்து இருந்தது, சொந்தம்?

நிலமும் பணமும் நிறைந்து, கூட உட்கார்ந்து உண்ண வாரிசு இல்லாமல் போன ஒருவர் கோவளத்திலேயே உறங்குகிறார்.

சென்னை ஆழ்வார்பேட்டையில் டிமான்ட்டி காலனி என்று ஓர் இடம் உண்டு. 2015-ல் அந்தப் பெயரில் ஒரு பேய்ப் படம் வந்து சக்கைப்போடு போட்டது. படத்தில் வந்த கதை கற்பனை. அந்தப் பெயருக்கு உரியவரோ நிஜமான மனிதர்.

ஜான் டி மான்ட்டி, போர்ச்சுகீசிய வம்சத்தைச் சேர்ந்த வியாபாரி. 200 வருஷங்களுக்கு முன் சென்னைப் பட்டணத்தில் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். ஊருக்குள்ளேயே தோட்டமும் துரவுமாக அவருக்கு ஏராளமான நிலம் இருந்தது. 1808-ம் ஆண்டில் கோவளம் கடற்கரையில் கார்மேல் மாதா கோவிலைக் கட்டியவர் அவரே.

அவருக்கு ஒரே மகன். அந்த மகன் தகப்பனாருக்கு முன்பே இறந்துவிட்டான்.

பெரிய மாளிகை, ஆள் படை அம்பு எல்லாம் உண்டு. ஆனால் சொத்தை ஆள ஒரு பிள்ளை இல்லை. தன் சொத்துக்களை அவர் திருச்சபைக்கு எழுதி வைத்தார். 1821-ல் காலமானார். தான் கட்டிய கோவளம் கோவிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று அதே கோவிலில் கிறிஸ்துமஸ் பூசை நடக்கும்போது, மீனவக் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து நெருக்கியடித்து உட்காருகிறார்கள். ஐந்தாறு பேருக்கு ஒரே துணியில் எடுத்த புதுச் சட்டை. அவர் தேடிய செல்வம் போய் வேறு எங்கோ சேர்ந்தது. அவருக்குக் கிடைக்காத செல்வம், அவர் கட்டிய கூரையின் கீழ் வருஷா வருஷம் வந்து சேருகிறது.

திருமணியில் காத்திருந்தவர்கள்

டி மான்ட்டிக்கு மரணம் செய்ததை வேறு சிலருக்கு ஒரு நோய் செய்தது. உறவு உயிரோடு இருந்தது. ஆனால் வரவில்லை.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவியின் பெயரால் அது 1920-களில் ஏற்பட்டது. ஸ்காட்லாந்து மிஷன் அதை நடத்தி வந்தது. 1955-ல் மத்திய சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டு, ஆராய்ச்சிக் கூடமாகவும் ஆக்கியது. இன்று அது மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம்.

தொழுநோய் வந்தவரை அந்த நாளில் வீடே ஒதுக்கியது. ஏழை நோயாளிகளைப் பிடித்துத் தனியே வைக்க 1898-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். புருஷன் இருந்தும் இல்லாத பெண்கள், பிள்ளை இருந்தும் இல்லாத கிழவர்கள் என்று எத்தனையோ பேர் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில் காலம் தள்ளினார்கள். மிஷன் ஆஸ்பத்திரிகளில் கிறிஸ்துமசும் வந்தது. பாட்டு இருந்தது, பலகாரம் இருந்தது. வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தவர்களுக்கு வாசலில் ஆள் வரவில்லை.

நல்ல காலம், இந்த நோய்க்கு மருந்து பிறந்தது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பவர் திருமணியில் பணியாற்றியவர். 1940-களில் டாப்சோன் மருந்தை ஊசி மூலம் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர். 1980-களில் கூட்டு மருந்து முறை வந்தது. இன்று மாத்திரை சாப்பிடத் தொடங்கிவிட்டால் அடுத்தவருக்குத் தொற்றாது. ஆறு மாதமோ, ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். மாத்திரையும் இலவசம்.

நோய் ஓடத் தொடங்கிய பிறகும் சட்டம் ஓடவில்லை! தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று இருந்த விதி 2019-ம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. தோலில் உணர்ச்சி இல்லாத தேமலைக் கண்டால் ஒளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோயாளியை வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள். வைத்தியத்துக்கு அது இடைஞ்சல் அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பண்டிகைக்குக் கூடிய உறவை, பண்டிகை முடிந்த மறுநாளே கடல் பிரித்த வருஷமும் ஒன்று உண்டு.

2004-ம் ஆண்டு. டிசம்பர் 25 சனிக்கிழமை. அடுத்த நாள் ஞாயிறு. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். வந்த விருந்தாளிகள் கிளம்பவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, மதியச் சாப்பாடும் முடித்துக் கொண்டு போகலாம் என்று இருந்தார்கள்.

அன்று காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவை ஒட்டிக் கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு 9.1. கடலின் தரையே எழும்பியதால் தண்ணீர் நாலா பக்கமும் தள்ளப்பட்டது. ஆழ்கடலில் அந்த அலை ஜெட் விமானம் போல ஓடும். ஆனால் உயரம் அதிகம் இராது. நடுக்கடலில் இருக்கும் படகுக்காரருக்குத் தன் அடியில் அது போவதே தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அது எழுந்து நிற்கும்.

சுமார் இரண்டரை மணி நேரத்தில், காலை ஒன்பது மணி வாக்கில், அது தமிழ்நாட்டுக் கரையை வந்து மோதியது.

அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு சொல் வந்து சேர்ந்திருந்தால்? வரவில்லை. இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஐதராபாத்தில் தொடங்கியது 2007-ல்தான்.

மாமல்லபுரத்தில் கடல் முதலில் உள்வாங்கியது. என்றும் காணாத பாறைகள் வெளியே தெரிந்தன. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அதன் பிறகு தண்ணீர் திரும்பி வந்தது. கடற்கரைக் கோவில் அசையாமல் நின்றது. அலை ஒதுக்கிய மணலுக்கு அடியில் இருந்து சாளுவன்குப்பத்தில் ஒரு பழைய முருகன் கோவில் 2005-ல் வெளிப்பட்டது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் கல் கோவில் நின்ற அந்த ஊர்களில் கூரை வீடுகள் நிற்கவில்லை. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று வரிசையாகக் கடற்கரை ஊர்கள் அடிபட்டன. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்புக்குள் தண்ணீர் புகுந்து பலர் மாண்டார்கள்.

தமிழ்நாட்டில் மாண்டவர்கள் சுமார் 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். கிறிஸ்துமசுக்காக வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு வந்திருந்த யாத்திரீகர்கள் பலர், கடற்கரையில் நின்ற நிலையிலேயே அடித்துச் செல்லப்பட்டார்கள்.

இலங்கையில் அன்று பவுர்ணமி விடுமுறை. கொழும்பில் இருந்து தென்கரையோரமாகப் போன ஒரு ரெயிலில், உறவினர் வீட்டுக்கும் சொந்த ஊருக்கும் போகிறவர்கள் நெருக்கமாக ஏறி இருந்தார்கள். பெரலிய என்ற இடத்தில் அந்த ரெயிலை அலை புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டார்கள். பல நாடுகளிலும் சேர்த்து இறந்தவர் தொகை இரண்டு லட்சத்துக்கும் மேல்!

25-ந் தேதி இரவு ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். ஒரே ஜமுக்காளத்தில் படுத்தவர்கள். மறுநாள் பத்து மணிக்கு அவர்களில் பாதிப் பேரைக் காணோம் என்றால் அந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். "இருந்துவிட்டு நாளைக்குப் போகலாமே" என்று அன்போடு தடுத்த வாய், அதன் பிறகு எத்தனை வருஷம் தன்னையே நொந்து கொண்டிருக்கும்?

ஆனால் அதே உறவுதான் மிஞ்சியவர்களைத் தாங்கியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சர்க்கார் நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி ஆகிய இடங்களில் காப்பகம் திறந்தது. நல்ல காரியம்தான். இருந்தாலும், பிள்ளைகளில் பலரைச் சித்தப்பா வீடும், மாமா வீடும், ஆயா வீடும் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டன. அந்த வீடுகளில் ஏற்கெனவே பாய் போதாது. அதில் இன்னும் இரண்டு தலை சேர்ந்தது.

அந்தப் பிள்ளை சித்தப்பா வீட்டுக்குப் போனபோது அழுது கொண்டேதான் போனது. ஆனால் தெரியாத வீட்டுக்குப் போகவில்லை. எந்தத் திண்ணை, எந்தக் கிணறு, எந்தத் தம்பி குறட்டை விடுவான் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும், ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து படுத்த வீடுதானே அது? பண்டிகைக்குப் போய் வருகிற செலவைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

26-ந் தேதி காலை

இப்போது தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமசுக்கு மறுநாள் காலை ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஜனங்கள் கடலோரம் போகிறார்கள். அலையில் பால் ஊற்றுகிறார்கள். பூ தூவுகிறார்கள். கிறிஸ்தவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். வருஷம் முழுதும் சோறு போடுகிற கடல் அது. அதைத் திட்டவும் மனம் வருவதில்லை.

2004-ல் கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இப்போது கல்யாண வயது. அந்த நாளைப் பற்றி அவர்களுக்கு ஞாபகம் இல்லை. சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளோ, பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்துத் தெரிந்து கொண்டவர்கள். பண்டிகைக்கு வெளியூரில் இருந்து வந்த பிள்ளைகள் பெரியவர்களோடு மணலில் நிற்கிறார்கள். புதுச் சட்டை இன்னும் கசங்கவில்லை. "இது யாருக்கு?" என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் பெயர் சொல்லுகிறார்கள். முறையும் சொல்லுகிறார்கள். உனக்கு அத்தை ஆக வேண்டும். உனக்குப் பெரியம்மா ஆக வேண்டும்.

பிறகு வீட்டுக்குத் திரும்பிப் பழைய குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுகிறார்கள். முதல் நாள் வைத்த கறிக் குழம்புக்கு மறுநாள்தான் ருசி! அவசரமாகப் போக வேண்டியவர்கள் சாயங்கால ரெயிலுக்கு மூட்டை கட்டுகிறார்கள். ஆயா எல்லோருக்கும் பலகாரத்தைப் பங்கு போட்டு, பழைய பால் பவுடர் டின்களில் அடைத்துக் கொடுக்கிறார். யாருக்கு அதிரசம் பிடிக்கும், யாருக்குச் சர்க்கரை வியாதி என்பது அவருக்குத் தெரியும். போகிறவர்கள் கேக் இருந்த டப்பாவைக் காட்டி, இதிலேயும் கொஞ்சம் முறுக்கு போடுங்கள் என்கிறார்கள்.

மற்றவர்கள் புது வருஷ ஆராதனை வரை இருப்பார்கள். இரவல் வாங்கிய நான்கு பாயில் இரண்டை உதறி, சுருட்டி, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறான் ஒரு பேரன். மீதி இரண்டும் இன்னும் ஐந்து நாளைக்கு வேண்டும்.